பார்சிப்பனி லேப்பில் வியட்நாம் மண்

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். அளக்க முடியாததை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. இது 1996 டிசம்பர் 14, சனிக்கிழமை மாலை, நியூஜெர்சி பார்சிப்பனியில் எனக்கு நடந்தது. ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் லேப்புக்கு வியட்நாமிலிருந்து இருபத்திரண்டு ஜாடி மண் வந்திருந்தது. வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட நாட்டுக்குள் அமெரிக்கா புகுந்தது. எதிரி காட்டில் ஒளிகிறான் என்று விமானத்திலிருந்து இலை உதிர்க்கும் மருந்து தெளித்துக் காட்டையே கொன்றது. அதற்கு உதவி என்று பெயர். மருந்து செய்த கம்பெனியின் வக்கீல்களுக்கு இப்போது ஒரு ரிப்போர்ட் வேண்டும். மண்ணில் விஷம் இல்லை என்று.

இருந்தது. மூன்று முறை அளந்தேன்.

சூப்பர்வைசர் நஞ்சுண்டன் சார் பொள்ளாச்சிக்காரர். ஜனவரியில் என் விசா முடிகிறது. நீட்டிப்புப் பேப்பர் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

"அம்மிணி, லிமிட்டைக் கொஞ்சம் மேல ஏத்தி வையி. அதுக்குக் கீழ வர்றதெல்லாம் 'இல்லை'ன்னு பிரிண்ட் ஆயிரும்."

"விஷம் இருக்குங்க சார்."

"இருக்கட்டுமே. எவனோ போட்ட சண்டைக்கு நீ எதுக்குக் கோயமுத்தூருக்கு மூட்டை கட்டோணும்?" சிரித்தார். "திங்கக்கிழமை உன் ரிப்போர்ட்டைக் குடு, என் கையெழுத்தை வாங்கிக்க."

மகளின் டான்ஸ் ரிஹர்சலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். லேப்பில் நான் மட்டும்.

4.05. லிமிட்டை ஏற்றினேன். இருபத்திரண்டு வரியிலும் 'இல்லை'. ஒரு நாட்டுக்குச் செய்ததை இவ்வளவு சுலபமாகத் துடைக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக பிளாங்க். மண்ணே கலக்காத வெறும் கரைப்பான். கருவி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அதை ஓட்டுவோம். கருவி காகிதத்தில் வரையும் கோடு தட்டையாக வர வேண்டும். எழுந்தால் விஷம்.

4.21. கோடு எழுந்தது... காகிதத்தின் விளிம்பைத் தாண்டியது.

புதுக் கரைப்பான் பாட்டில் திறந்து மறுபடி ஓட்டினேன். 4.38. இன்னும் உயரம்.

ஜன்னலோரம் ஏதோ விழுந்த சத்தம். மணி பிளாண்ட். தண்டில் ஓர் இலைகூட இல்லை. எல்லாம் தரையில். பச்சையாகவே...

டக்.

ஜாடிகள் இருந்த குளிர் அறை. கதவுக்கு உள்ளேயிருந்து.

டக்... டக்.

என் முழங்கால் உயரத்தில்.

"யாரு?"

திறந்தேன். யாரும் இல்லை.

தரையைப் பார்த்தேன்.

ஈரச் சேற்றில் சின்னப் பாதத் தடங்கள். குளிர் அறையிலிருந்து என் நாற்காலிவரை...

திரும்பிப் போன தடம் இல்லை.

பிடரியில் மூச்சு பட்டது. அழுகிய இலை வாசம்.

ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. பிளாங்க் தாள்களைக் கிழித்தேன். போன வாரத்துத் தட்டைக் கோட்டை அவற்றுக்குப் பதிலாக இணைத்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். 4.52. அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

விசா வந்தது. கிரீன் கார்டும் வந்தது. கம்பெனி கேஸில் ஜெயித்தது.

2001-இல் லேப்பை மூடியபோது, விஷம் ஏறியிருக்கிறதா என்று வேலை பார்த்த எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நஞ்சுண்டன் சாருக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் என் தாளை மட்டும் நெடுநேரம் பார்த்தார். லேப் வேலையில் இவ்வளவு ஏற வாய்ப்பே இல்லை என்றார். மருந்து தெளித்த இடத்திலேயே வளர்ந்தவர்களின் ரத்தத்தில்தான் இந்த அளவைப் பார்த்திருக்கிறாராம்.

நான் கோயமுத்தூரில் பிறந்து, நேரே நியூஜெர்சிக்கு வந்தவள்.

சின்ன வயதில் வியட்நாமில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று கேட்டார்.