இரண்டாம் பட்டியலில் ஞானபாய்

"லீலாபாய்க்கு எனக்க நோவுல கால்பங்கு வந்தாப் போதும். அழுது கரஞ்சோண்டு எனக்க நடையில வந்து நிப்பா. அப்பம் நான் இருந்த இடத்த விட்டு எழும்பமாட்டேன். இரங்கவும் மாட்டேன். மொகத்தப் பாத்து ஒரே சொல்லுதான் சொல்லுவேன். 'ஒனக்கு ஒண்ணுமில்ல, போ!' இதச் சொல்லல்லண்ணா எனக்க பேரு ஞானபாய் இல்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க!"

கொல்லம் ஆயிரத்து நூற்றிரண்டாம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1926 கடைசியில், புதுக்கடைக்கு மேற்கே ஒரு வேதக்கோயில் வாசலில் இருபத்திரண்டு பெண்கள் சாட்சியாக இந்தச் சபதம் எடுக்கப்பட்டது. சபதம் என்பது ராஜாக்களுக்கு மட்டுமே உரிய காரியம் என்று நினைப்பவர்கள் அன்றைக்கு ஞானபாயைப் பார்த்திருக்க வேண்டும். முக்காடு தோளுக்கு இறங்கிவிட்டது. குரல் சந்தை வரைக்கும் போயிற்று. சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்த அவள் கணவன் ஜான்ரோஸ், குரலை அடையாளம் கண்டுகொண்டு, அன்று கடையை அடைக்க அவசரமில்லை என்று தீர்மானித்தான்.

சபதத்துக்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்தச் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் ஜெபக் கூட்டம் உண்டு. அதை நடத்துகிறவள் லீலாபாய். வீடு வீடாகப் போய் வேதம் வாசிப்பது, சோறு பொங்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்துவைக்கும் பிடியரிசியை வாங்கி வருவது, யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று விசாரிப்பது, இவ்வளவுக்குமாக மிஷன் நியமித்த வேத ஊழியக்காரி. நோயாளிகளின் பெயர்களை நீல அட்டை நோட்டில் எழுதி வந்து கூட்டத்தில் வாசிப்பாள். பட்டியல் இரண்டு. ஒன்று, 'சரீரத்தில் பாடு அனுபவிக்கிறவர்கள்'. மற்றது, 'மனக்கலக்கம் அடைந்தவர்கள்'.

பரலோகத்தில் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசமோ தெரியாது. புதுக்கடையில் நிரம்ப வித்தியாசம். முதல் பட்டியலில் பெயர் வந்தால் பெண்கள் எல்லாரும் சத்தமாக "ஆண்டவரே, இரங்கும்" என்பார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்கு நாட்டுக்கோழி முட்டை வரும், ஏத்தன்பழம் வரும், புளிசேரியும் ஒரு கிண்ணம் வரும். இரண்டாம் பட்டியலில் வந்தால் அதே பெண்கள் அதே வார்த்தையைத் தாழ்ந்த குரலில், பக்கத்திலிருப்பவளின் தொடையைக் கிள்ளிக்கொண்டே சொல்வார்கள். மறுநாள் வீட்டுக்குப் புத்திமதி மட்டும் வரும். பல வருஷங்களாக அந்தப் பட்டியலில் இருந்த பெயர் ஒன்றுதான். தன்னுடைய வெள்ளாட்டுக்கு ஞானஸ்நானம் கேட்டு உபதேசியாரின் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த ராஜமணி.

ஞானபாய் ஆறு வருஷமாக முதல் பட்டியலின் முதல் பெயர். அந்த இடத்துக்கு அவளோடு யாரும் மல்லுக்கு நின்றதில்லை. நிற்கவும் முடியாது. அவளுக்குத் தொண்டையில் ஒரு நெல்லிக்காய் நின்றது, விழுங்கவும் போகாது, துப்பவும் வராது. இடது குதிகாலில் தீ. வலது கை விரல்கள் சொல்லாமல் கொள்ளாமல் மரத்துப்போகும். மிஷன் அம்மாமார் கற்றுக்கொடுத்த ரேந்தை என்னும் லேஸ் பின்னலில், உருளைத் தலையணை மேல் நாற்பது மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுகிற கையில் அவளுக்கு இணை கிடையாது. அந்த விரல்களே மரத்தால், சீமைக்குப் போகவேண்டிய பூவேலை நடுவில் நிற்கும். நெஞ்சோ, சும்மா இருக்கும்போது ஓடும், ஓடவேண்டிய நேரத்தில் நின்றுவிடப் பார்க்கும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பொன்னுலிங்கம் வைத்தியர் நாடி பிடித்து, "வாயு" என்றார். அவர் கொடுத்த கஷாயத்தில் வாயு மட்டும் போயிற்று, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு வர்ம ஆசானிடம் போனாள். அவர் கழுத்தையும் தோளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "சின்னதுல விழுந்த அடி உள்ள தங்கிப்போச்சு. அடிச்சது ஆரு?" என்று கேட்டார்.

"அடிக்காதது ஆருண்ணு கேளுங்க ஆசானே, சட்டுனு சொல்லிருவேன்" என்றாள் ஞானபாய்.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரி. துணைக்குப் போனவள் லீலாபாய். இருவரும் ஒரே பெஞ்சில் ஒரே சிலேட்டை வைத்துப் படித்தவர்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், முதுகில் தட்டினார், இமையைப் புரட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "உடம்பில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருங்கள்" என்றார். டாக்டர் சொல்லை மீறக்கூடாது என்று ஞானபாய் மூன்று நாள் சந்தோஷமாக இருந்து பார்த்தாள். நாலாவது நாள் அதனாலேயே மண்டையிடி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீலாபாய் முதல் பட்டியலை வாசித்தாள். ஞானபாயின் பெயர் இல்லை. விட்டுப்போயிற்றாக்கும் என்று ஞானபாய் தொண்டையைச் செருமி நினைவூட்டினாள். லீலாபாய் பக்கத்தைப் புரட்டினாள்.

"மனக்கலக்கம் அடைந்தவர்கள். ராஜமணி. ஞானபாய்."

இருபத்திரண்டு பேரும் தாழ்ந்த குரலில் இரக்கம் கேட்டார்கள். ராஜமணி மட்டும் திரும்பி, கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சியில் சிரித்தாள்.

"ஏட்டி லீலா, எனக்க பேரு அங்க எப்படி வந்து?" என்றாள் ஞானபாய், கூட்டம் முடிந்ததும்.

"ஒடம்புல ஒண்ணுமில்லண்ணு டாக்டர் சொன்னத நானும் கேட்டேன் இல்லியா மக்கா? ஒடம்புல இல்லண்ணா பின்ன எங்க இருக்கு? ஆண்டவருக்க சந்நிதியில நான் பொய் எழுதுவனா?"

அந்த வாய்க்குப் பதிலாகத்தான் மேற்படி சபதம்.

மறுநாள் முட்டை வரவில்லை. அது போகட்டும். மகள் நேசபாயைப் பெண் கேட்டுக் கருங்கல் பக்கத்திலிருந்து வந்துபோனவர்கள், "பொண்ணுக்கத் தள்ளைக்கு மனசு சரியில்லண்ணு கேட்டோம்" என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து நேசபாய்க்கு அதைவிட நல்ல இடம் அமைந்தது என்பது வேறு. அந்த இரண்டு வருஷத்தையும் ஞானபாய் லீலாபாயின் தலையில்தான் எழுதி வைத்தாள்.

பழிவாங்குதல் முறைப்படி ஆரம்பமாயிற்று. முதலில் பிடியரிசி. கோயிலுக்கு எடுத்துவைத்த கலயத்தோடு நேராக அடுத்த தெருவுக்கு நடந்து, அங்கே தம்பட்டம் அடித்துப் பாடும் இரட்சணிய சேனைக்காரர்களிடம் கொட்டினாள். லீலாபாய் கலயத்தைப் பார்க்க வரும் நாளாகப் பார்த்து, அவள் கண்ணெதிரே கொட்டினாள். கோயிலில் லீலாபாய்க்கு நேர் பின்னால் இடம் பிடித்து, ஒவ்வொரு பாட்டையும் அவளுக்கு அரை அடி பிந்திப் பாடினாள். ஒரு மாதத்தில் லீலாபாய்க்கே தாளம் தவறத் தொடங்கிற்று.

ஜெபமும் நிற்கவில்லை. நாள்தோறும் விளக்கு வைத்ததும் ஞானபாய் முழங்காலில் நின்று, லீலாபாய்க்கு வரவேண்டிய நோய்களை ஒழுங்காக விண்ணப்பித்தாள். முதலில் தொண்டை நெல்லிக்காய். அது நன்றாகப் பிடித்த பிறகு குதிகால் தீ. விரல் மரப்பு வேண்டாம், லீலாபாய்க்கு ரேந்தை தெரியாது, வீணாகிவிடும். அதற்குப் பதில் நாக்கு மரக்கட்டும். தேதியை மட்டும் அவள் குறிப்பிடவில்லை. அதைக் கர்த்தருடைய சித்தத்துக்கு விட்டுவிட்டாள்.

"ஆருக்கு இவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுத?" என்று ஜான்ரோஸ் ஒருமுறை கேட்டான்.

"சத்துருவுக்குத்தான்."

"நல்ல கிறிஸ்தவளாக்கும் நீ" என்று நெகிழ்ந்துபோனான் அந்த அப்பாவி.

இவ்வளவு ஆவேசத்துக்கும் அடியில் ஞானபாய் யாரிடமும் சொல்லாத ஒரு காரியம் இருந்தது. லீலாபாய் எழுதியது முழுப் பொய் இல்லை. வாழைத்தோட்டத்துப் பின்னால், சுள்ளி பொறுக்கப் போனவள் போலக் குந்தியிருந்து, எதற்கென்றே தெரியாமல் அவள் அழுவதுண்டு. கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டால் யாரோ விழுந்துவிட்டதாக ஓடுவாள். நேசபாய் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் நூறு தடவை அவளைப் பிணமாகக் கண்டுவிடுவாள். ஆனால் குதிகால் எரிந்ததும் உண்மை. இதைச் சொன்னால் அதை நம்பமாட்டார்கள், அதைச் சொன்னால் இதைக் கேட்கமாட்டார்கள். எரிகிறது என்று ஒருத்தி சொன்னால், ஆமாம் எரியத்தான் செய்யும் என்று இன்னொருத்தி சொல்லவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நோட்டைப் புரட்டி அவளை ராஜமணிக்கும் ஆட்டுக்கும் பக்கத்தில் உட்காரவைத்தாள். அதை எப்படி விடுவது?

ஐந்து வருஷம் போயிற்று. கர்த்தர் கோப்புகளை மெதுவாகப் பார்க்கிறவர் போலும். லீலாபாயின் ஒரே மகன் ஜெயசிங் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கெழுதப் போயிருந்தான். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவன் கடிதம் திடீரென்று நின்றது. பத்து மாதம் ஒரு வரி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பட்டியல் வாசித்துக்கொண்டிருந்த லீலாபாய் நாலாவது பெயரில் நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நோட்டு கைநழுவித் தரையில் விழுந்தது. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஞானபாய் எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்குப் போய் மீன்குழம்போடு இரண்டு அகப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். தொண்டை நெல்லிக்காய் மரியாதையாக வழி விட்டது. ஆறு வருஷக் கஷாயம் செய்யாததைப் பழி ஒரே மத்தியானத்தில் செய்தது. வைத்திய சாஸ்திரத்தின் துரதிர்ஷ்டம், மறுநாளே நெல்லிக்காய் திரும்பி வந்துவிட்டது.

ஞானபாய் காத்திருந்தாள். லீலாபாய் ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் செய்தி வந்தது. இனி நடைக்கு வரவேண்டியதுதான் பாக்கி. சொல்லவேண்டிய சொல்லை ஆட்டுக்கல்லிடமும் கோழியிடமும் சொல்லிப் பழகிக்கொண்டாள். 'ஒனக்கு' என்பதில் அழுத்தம் போடுவதா, 'ஒண்ணுமில்ல' என்பதில் போடுவதா என்பதில் மட்டும் சிறு குழப்பம் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லீலாபாய் வந்தாள். ஞானபாய் ஜன்னலோரம் பலகையில் உட்கார்ந்து ரேந்தை பின்னிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"ஞானம், உள்ள வரட்டா?"

"வரப்பிடாதுண்ணு ஆரு கையப் பிடிச்சா?"

லீலாபாய் உள்ளே வந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. கக்கத்தில் நீல நோட்டு. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள்.

"கேட்டேன். என்ன சொன்னாவ?"

"ஒண்ணுமில்லண்ணு சொன்னாவ."

ஞானபாயின் கையில் மரக்குச்சி நின்றது. ஐந்து வருஷம் பழகி வைத்த சொல்லை யாரோ முந்திச் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, தன் வாயால் சொல்வதுதானே கணக்கு.

"நாளைக்குப் பட்டியல் எழுதணும்" என்றாள் லீலாபாய். "எனக்க பேரையும் சேத்து இரண்டாவதுல எழுதச் சொல்லிட்டாரு இஸ்ரவேல் உபதேசியாரு. எல்லாருக்க பேரையும் எழுதிட்டேன் மக்கா. எனக்க பேரு எழுத கை போவமாட்டேங்குது. நெஞ்சு இடிக்கது பொய்யா? காலு தரையில நிக்காம கெடந்து ஆடுதே, அது பொய்யா? நீ சொல்லு. எதுல எழுத?" லீலாபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இதோ, நடைக்கு வந்தாயிற்று. அழுகையும் வந்தாயிற்று. ஞானபாய் மூச்சை இழுத்து, முதுகை நிமிர்த்தி, வாயைத் திறந்தாள்.

"காலத்தயா, அந்திக்கா கூடுதல்?"

வந்தது இதுதான். எங்கிருந்து வந்தது என்று ஞானபாய்க்கே விளங்கவில்லை.

"காலத்த" என்றாள் லீலாபாய். "கண்ண முழிச்ச ஒடன. ஐயோ, பின்னயும் விடிஞ்சு போச்சேண்ணு இருக்கு. இத நான் ஆருட்டயும் சொல்லல்ல. வேதம் படிச்சுக் குடுக்கியவ சொல்லப்பிடுமா?"

அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறாமல், பதினோரு வருஷமாகத் தினமும் கோழி கூவும்போது ஞானபாய்க்குள் ஓடுகிற வார்த்தைகள்.

"நாசமாப் போறவளே" என்று பல்லைக் கடித்தாள். "அண்ணைக்கு என்னட்ட நீ இதக் கேட்டியா? ஒரு வாக்கு கேட்டியா?"

"கேக்கல்ல."

"எனக்க பிள்ளைக்க கலியாணம் முடங்கிச்சு ஒன்னால."

"ஆமா."

"ஒன்ன நான் மன்னிக்கல்ல, கேட்டியா? சாவுத வர மன்னிக்கமாட்டேன்."

"வேண்டாம். மன்னிக்காண்டாம்."

ஞானபாய் உருளைத் தலையணையைத் தள்ளி வைத்தாள். முழங்காலில் கை ஊன்றி எழும்பினாள்.

"நோட்ட அங்கோட்டு வை. திரும்பி இரி."

லீலாபாய் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். ஞானபாய் அவளுக்குப் பின்னால் குந்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

"இஞ்சயா?"

"கொஞ்சம் கீழ."

"எரியுதா?"

"எரியுது."

"எரியத்தான் செய்யும்" என்றாள் ஞானபாய், விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி.