பழுக்கக் காத்திருந்த ரத்தக்குழாய்

என் வலது முழங்கை மடிப்பில் ஒரு ரத்தக்குழாயைப் பதினோரு மாதம் வளர்த்தேன். நாய்க்குட்டி வளர்த்திருந்தால் வாலையாவது ஆட்டியிருக்கும். இது ஒரு நாள்கூட எனக்கு உபயோகப்படாமல், என் விரல்களைத் தின்று கொழுத்தது.

எழுபதுகளின் நடுவில் நான் போர்ட் பிளேரில் தந்தி அடித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்பு லம்பா லைனில். ஒரு மழைக்காலத்தில் பெயர் தெரியாத காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, ஐந்தாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. அன்றைக்குக் கப்பல் துறையில் நின்றது என் அதிர்ஷ்டம். கப்பலேறிய நாலாம் நாள் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே விடும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தையே அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை.

முதலில் இடது மணிக்கட்டில் வெளியே தெரிகிற மாதிரி ஒரு குழாய் வைத்தார்கள். அது மூன்று தடவை அடைத்துக்கொண்டது. பிறகு வயிற்றில் ஓட்டை போட்டு மருந்துநீர் விட்டுக் கழுவி ஒப்பேற்றிக்கொண்டே, நிரந்தர ஏற்பாடாக வலது கையைத் திறந்தார்கள். இதயத்திலிருந்து வரும் குழாயையும் இதயத்துக்குத் திரும்பும் குழாயையும் முழங்கை மடிப்பில் சேர்த்துத் தைத்துவிடுவது. தைத்த இடம் புடைத்துப் பெரிதாகும். அது பழுக்க ஆறு வாரமாகும், பழுத்ததும் ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைக்கலாம். ‘பழுக்க’ என்றுதான் சொன்னார்கள். கையை மாங்காயைப் போலத் தலையணைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்தாவது வாரம் சிறுநீரகங்கள் தாமாகவே மனம் மாறிப் பாதி வேலைக்குத் திரும்பின. அரசாங்க ஊழியனின் சிறுநீரகங்கள், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் கை அதற்குள் போய்விட்டிருந்தது. அறுவை முடிந்த அன்றைக்கே விரல்களில் எரிச்சல் ஆரம்பித்தது. மிளகாய் அரைத்த கையை ஐஸ்கட்டியில் அழுத்திவைத்தது போல, சூடும் குளிருமாக ஒரே சமயத்தில். முழங்கைக்கு மேலே கை வெதுவெதுப்பாக இருக்கும், விரல்களோ பிணத்தின் விரல்கள். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை. அவை இரண்டும் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. விரலுக்குப் போகவேண்டிய ரத்தம் குறுக்குவழியில் திரும்பிவிடுகிறது, பட்டினியில் நரம்பு வாடிவிட்டது, அபூர்வமாக இப்படி நேரும் என்றார் அறுவை வைத்தியர். அபூர்வமான விஷயம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் நடந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“இதைக் கட்டி மூடிட்டா கை கொஞ்சம் தேறலாம். ஆனா கிட்னி பாதிதான் வேலை செய்யுது. மறுபடி நின்னா ஊசி போட வேற இடம் இல்லை. வச்சிருக்கிறதுதான் நல்லது. தினமும் அதுமேல காதை வச்சுக் கேளுங்கம்மா. உர்ர்னு சத்தம் வரணும். சத்தம் இருந்தா ஓடுதுன்னு அர்த்தம்.”

இயந்திரம் மெட்ராஸில், நான் தீவில். நடுவில் கடல் நாலு நாள். கப்பல் பதினைந்து நாளைக்கு ஒன்று, அதுவும் கப்பலுக்கு மனசிருந்தால். வாசல்கதவை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு, வீட்டை வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன்.

என் மனைவி தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. காலை ஜெபம் முடித்ததும் கட்டிலுக்கு வருவாள், முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு என் முழங்கைமேல் சாய்த்துக் கண்ணை மூடுவாள்.

“ஓடுது. நல்லா ஓடுது. எந்திரிங்க.”

“என்ன சொல்லுது?”

“இன்னிக்கும் இவன் சாகமாட்டான், எந்திரிச்சுக் காப்பி போடுன்னு சொல்லுது.”

அவளுக்கு அந்தச் சத்தம் என் உயிர். எனக்கோ அது, என் விரல்களுக்கு வரவேண்டிய சோற்றை யாரோ வழியில் உட்கார்ந்து தின்கிற சத்தம். இருவரும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டோம்.

வலியை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியாக ஒன்றுமில்லை. கையைத் தொங்கவிட்டால் கனத்தது, உயர்த்தினால் வெளிறி எரிந்தது. நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் ஏதோ சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்திருக்கும். போர்வை நுனி பட்டாலே உயிர் போயிற்று என்பதால் அவளுடைய பழைய பிளானல் துணியைத் தைத்து உறை போட்டுக்கொண்டேன். கோயிலில் சிலுவை அடையாளம் போடக் கை நெற்றிவரைக்கும் போகவில்லை. இடது கையால் போட்டேன், முன் பெஞ்சுக் கிழவி திரும்பிப் பார்த்து, தனக்கு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். நான் கொஞ்சம் புத்தகம் படிக்கிறவன். கதாநாயகர்களுக்கெல்லாம் நெஞ்சில்தான் வலித்தது. விரல் வலித்த கதாநாயகன் ஒருவனாவது அகப்படுவானா என்று நூலகத்தில் தேடினேன். அகப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். மெட்ராஸ் முனையில் ஒருவரோடு ஒன்பது வருஷமாகத் தந்தியில் பழக்கம். முகம் பார்த்ததில்லை, பெயரும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் தொழிலில் ஆளை அடையாளம் சொல்வது கைதான். ஒவ்வொருவரும் தந்திக் கட்டையைத் தட்டுவதில் ஒரு நடை இருக்கும். அன்று வலது கையை மேஜைமேல் வைத்து, விரல்களுக்குப் பதில் மணிக்கட்டால் தட்டிப் பார்த்தேன். நாலு வரிக்குள் அந்த முனை நிறுத்தச் சொன்னது. சுருக்க ஆங்கிலத்தில் நடந்த பேச்சைத் தமிழில் தருகிறேன்.

“யாரப்பா நீ? புதுசா?”

என்ன தோன்றியதோ, “ஆமாம், புது ஆள்” என்று அடித்தேன்.

“பழையவர் எங்கே?”

“உடம்பு சரியில்லை.”

“பாவம். நல்ல கை. நீ மெதுவா அடி, பயப்படாதே.”

உயிரோடு இருக்கும்போதே இரங்கல் செய்தி கேட்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. வங்காளி மேலதிகாரி பின்னால் நின்று பார்த்துவிட்டு, “தாதா, ஆராம் கரோ” என்று என்னை எழுப்பிக் கவுன்டரில் உட்காரவைத்தார். ‘அண்ணா, ஓய்வெடு’ என்று சொன்னால் அலுவலகத்தில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே இங்குள்ள டாக்டரிடம் போனேன். சின்ன வயசு மலையாளி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றி விழுந்திருந்த பள்ளத்தை அமுக்கிப் பார்த்தார்.

“சாரே, இது இப்படியே விட்டா இந்தக் கை மூணு மாசத்துல கரண்டிக்குக்கூட ஆகாது. கட்டிட்டா, ஒருவேளை ரெண்டு விரல் கிடைக்கும். ஒருவேளைதான்.”

“கிட்னி?”

“அதுக்கும் ஒருவேளைதான்.”

வீட்டில் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? கை போனா போவுது. ஆளு இருக்கணும்.”

“ஆளு மொத்தமும் இப்ப கையிலதான் இருக்கேன். மத்த இடமெல்லாம் காலி.”

“நான் ஊட்டி விடுதேன். நான் எழுதுதேன். சட்டைப் பித்தான்கூட நான்தானே போடுதேன்? அந்தச் சத்தத்தை மட்டும் நிப்பாட்டாதீங்க.”

இப்படியே பத்துப் பன்னிரண்டு கப்பல் வந்து போனது. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், அவள் மறுப்பாள், நான் உள்ளூர நிம்மதியடைவேன். வலிக்குப் பயந்தவன், சாவுக்கும் பயந்தவன், முடிவெடுக்கிற வேலையை மனைவிமேல் போட்டுவிட்டு அவளைப் பிடிவாதக்காரி என்று அண்டைவீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொறுப்பைத் தள்ளிவிடுகிற விஷயத்தில் மட்டும் என் கை நன்றாகவே வேலை செய்தது.

ஒரு ஞாயிறு காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பில் நானே காப்பி போடலாம் என்று வீரம் வந்தது. இடது கையால் பாத்திரத்தை இறக்கினேன். சாய்ந்துகொள்ள, உறை கழற்றியிருந்த வலது கையை ஊன்றினேன். கருவாடு சுடுகிற வாடை வந்தது. பக்கத்து வீட்டில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். அவள் ஈரத்தலையோடு உள்ளே வந்து அலறியபோதுதான் குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரலும் அடுத்த விரலும் அடுப்பின் இரும்பு வளையத்தின்மேல் இருந்தன.

இரவு பகலாக எரிந்த விரல்களுக்கு, நிஜமாகவே எரிந்தபோது ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அவள் கொப்புளத்தில் மருந்து தடவித் துணி சுற்றினாள். முடிச்சுப் போட்ட பிறகு சொன்னாள்.

“அடுத்த கப்பல்ல போய்க் கட்டிட்டு வாங்க.”

“கிட்னி நின்னுபோச்சுன்னா?”

“போங்கங்கேன். நான் சொன்னேன்னு இருக்கட்டும்.”

மெட்ராஸில் அரைமணி நேர வேலை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலால் இறுக்கினார்கள். “கட்டிடலாமா?” என்று கடைசியாக ஒருதரம் கேட்டார் வைத்தியர். “வீட்ல சொல்லிட்டாங்க” என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆறு மாதத்தில் ஒரு பொத்தானைப் பிடிக்கிற அளவுக்குத் திரும்பின. மற்ற மூன்றும் வளைந்தபடியே நின்றுவிட்டன. குளிர் போயிற்று. எரிச்சல் பாதி குறைந்தது, மிச்சப் பாதி நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். தந்திக் கட்டைக்கு இனி நான் இல்லை.

அடுத்த ஜூனில், கப்பல் கிளம்பிப்போன மறுநாள் காலை எனக்குக் காய்ச்சல் வந்தது. வெளியே மழை. அடுத்த கப்பல் எப்போது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். மலையாளி டாக்டர் வந்து இடது கையில் ஊசி போட்டார், கண்ணை இழுத்துப் பார்த்தார். “நீர் எவ்வளவு போவுதுன்னு அளந்து வைக்கணும்” என்று அவளிடம் சொன்னார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அளவுக் காகிதம் ஒட்டிய மருந்து பாட்டில் ஒன்று தந்தனுப்பினார்.

முதல் நாள் கால் பாட்டில். இரண்டாம் நாள் அதற்கும் கீழே. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அளவை என்னிடம் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். ஆனால் அவள் தோள் எனக்குச் சொல்லிவிடும். என் வலது கை போர்வைக்கு மேலே கிடந்தது. முழங்கையில் அந்தத் தழும்பை அவள் பார்க்காமலிருக்கப் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாட்டில் போதவில்லை. இன்னொரு பாத்திரம் எடுக்க ஓடினாள்.

ஊற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள்.

“நீர் வராமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?” என்றேன்.

“கட்டச் சொன்னவ நான்தானேன்னு ஆயுசுக்கும் அழுதிருப்பேன். வேற என்ன பண்ண?” எழுந்து கஞ்சியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “அதுக்காக இப்ப அழ முடியாது. குடிங்க.”

கஞ்சியில் உப்பு கிடையாது, டாக்டர் உத்தரவு. இடது கையால் கரண்டியைப் பிடித்தேன். வலது கை மடியில் கிடந்து தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது கரண்டி சிந்தியது. அவள் அதைத் துடைத்தாள்.