மாமனார் போட்ட இன்டர்நெட் பைப்

மருமகள் வீட்டை விட்டுப் போய்விடுவாளோ என்று தூக்கம் கெட்ட மாமியாரை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ, நான் இருக்கிறேன். போன வாரம் முழுக்க எனக்கு அதுதான் கவலை.

என் மருமகள் யாழினி செமிலிங் ஊர்ப் பெண். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. என் மகன் பிரகாஷுக்கு அலோர்ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம். மாற்றல் லேசில் கிடைக்காது. கல்யாணமானதும் கம்பெனிக்காரர்கள் நல்ல மனசு வைத்து, ‘வீட்டிலிருந்தே வேலை செய், பார்க்கலாம்’ என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’தான் ஆபத்து!

அலோர்ஸ்டார் மெர்கோங்கில் எங்கள் வீடு, மாடி வைத்த தெரஸ் வரிசை வீடு. இன்டர்நெட் வந்து இறங்குவது கீழே, முன் ஹாலில். அவள் வேலை பார்ப்பது மாடியில், பின்னறையில். நடுவே எத்தனையோ சுவர். மகன் மெஷ் வைஃபை என்று சொல்லி இரண்டு பெட்டிகள் வாங்கி வந்தான். ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டும் காற்றிலேயே பேசிக்கொள்ளுமாம். பேசவும் செய்தன... எங்கள் வீட்டு ஆண்களைப் போல, தோன்றினால் பேசும், தோன்றாவிட்டால் இல்லை.

மீட்டிங் நடுவில் யாழினியின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடுமாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேலதிகாரி அம்மா ஒரு நாள் சொல்லிவிட்டார் — செவ்வாய்க்கிழமை பெரிய மீட்டிங். அதிலும் லைன் அறுந்தால் கோலாலம்பூர் ஆபீசுக்கே வந்துவிடு.

அதாவது அவள் அங்கே, என் மகன் இங்கே. கல்யாண மாலை காயும் முன்னே இப்படியா? மகனுக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கே அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து டீ குடிக்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். விட மனசு வருமா? ஒரே குறை, எதைச் சொன்னாலும் ‘சரி அத்தை’, ‘சரி மாமா’தான். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டாள்.

இந்த இடத்தில் என் கணவர் உள்ளே நுழைகிறார். தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யான் என்கிற ஊர்ப் பக்கம் வயல் வரப்போரமாகக் குழாய் பதித்தவர். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் அவருக்குக் குழாய்ப் பிரச்சினைதான். எனக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, ‘எங்கேயோ வால்வு அடைச்சிருக்கும்’ என்று ஆறுதல் சொன்ன மனிதர்.

“காத்துல தண்ணி அனுப்பினா எப்படிடா வரும்? பைப் போடணும்லா!” என்றார்.

மகன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, “அப்பா சொல்றது கரெக்ட்தான்மா. ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கேபிள் இழுத்துட்டா லைன் விட்டு விட்டு வராது” என்றான்.

போதாதா? ஸ்டோர் அறையில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய்கள் வெளியே வந்தன. வெளிச்சுவர் ஓரமாக மாடி வரை குழாய், குழாய்க்குள் கேபிள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் டின் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “பாய்ப் ஆயர் கா?” என்றார். தண்ணீர்க் குழாயா என்று கேட்கிறார்.

“தா! பாய்ப் இன்டர்நெட்!” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி. இல்லையாம், இன்டர்நெட் குழாயாம்!

பாக் டின் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

குழாயின் வளைவில் கேபிளின் பிளக் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து நானும் மகனும் இழுக்க, கீழேயிருந்து இவர் தள்ள... இழுத்த இழுப்பில் பிளக்கின் குட்டிக் கொக்கி ஒடிந்தே போயிற்று. மகன் அந்த முனையை வெட்டி, புதுப் பிளக் ஒன்றை வைத்து, அதற்கென்று இருக்கிற பிளையரால் நசுக்கினான். செருகியதும் மேலே இருந்த பெட்டியில் கடுகளவு விளக்கு ஒன்று வெள்ளையாக எரிந்தது. வெள்ளை என்றால் நல்லது, சிவப்பு என்றால் லைன் இல்லை — இது மகன் நடத்திய பாடம். இன்னும் விவரமாகப் பார்க்க ஓர் ஆப் உண்டு. அது அவன் போனில் இருக்கிறது. வேலை நேரத்தில் அவன் போனை எடுக்க மாட்டான்.

வந்தது செவ்வாய்க்கிழமை. மகன் வேலைக்குப் போய்விட்டான். இவர் குளித்து, திருநீறு பூசி, கற்பூரத் தட்டோடு மாடியேறினார். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் பொட்டு வைக்காமல் வேலையை ஆரம்பித்ததில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மகனின் கார் எல்லாமே குங்குமம் வாங்கியவைதான். இத்தனை பாடுபட்டுப் பைப் போட்ட பெட்டிக்கு மட்டும் இல்லையா? ஈரக் கையோடு கரண்ட் சாமானைத் தொடக் கூடாது என்று முதலில் சுவிட்சை அடைத்தார். பொட்டு வைத்தார். கற்பூரம் காட்டினார். கும்பிட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

“ஐயோ, சிவப்பு!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். யாழினியின் அறை வாசல் பலகையில் பெட்டி. உண்மைதான்... செக்கச் சிவப்பு.

“உன் மகன் நசுக்கின லட்சணம்!” என்றார். வேலை சரியாக நடந்த நேற்று வரை இவர் வாயில் அவன் ‘என் மகன்’. சிவப்பு விளக்கு எரிந்ததும் என் மகனாகிவிட்டான்.

யாழினி லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தாள். “மாமா... லைன் இருக்கற மாதிரி தெரியுது மாமா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அது டேங்க் தண்ணிமா! மெயின்ல நின்னாலும் டேங்க்ல உள்ளது கொஞ்ச நேரம் வரும்லா. சட்டுன்னு காலியாயிடும்.”

இன்டர்நெட்டுக்கு ஏது டேங்க்? எனக்கே சந்தேகம் வந்தது. தினமும் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிற அவளுக்கு வராதா? ஆனால் அவள் சொன்னது, “சரி மாமா.” தெரிந்த உண்மையைச் சொல்வதற்குக்கூட நம் வீடுகளில் சில வருஷ சர்வீஸ் வேண்டியிருக்கிறது.

மீட்டிங் ஆரம்பித்தது. கதவு பாதி திறந்திருந்தது. யாழினி காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நான் படியில் உட்கார்ந்து மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். தாயே, இந்தப் பெண்ணை என் வீட்டிலேயே இருக்க வை. இவரோ பிளையரும் புதுப் பிளக்குமாகப் பெட்டியின் முன்னே வந்து நின்றார்.

“டேங்க் காலியாகிறதுக்குள்ள தலையை மாத்திடறேன்” என்று கிசுகிசுத்தார்.

கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து என் கண்ணை லட்சியம் செய்யாதவர் இன்றைக்கா செய்யப் போகிறார்? கேபிளைப் பிடித்தார். கொக்கியை அமுக்கினார்.

“மாமா! கைய எடுங்க! ஒயரைத் தொட்டீங்கன்னா பாருங்க!”

கத்தியது யார் தெரியுமா? எங்கள் யாழினி! ‘சரி மாமா’ யாழினி! இவர் சுடுசட்டியைத் தொட்டவர் போல் கையை இழுத்துக்கொண்டார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். மைக் போட்டிருந்தது!

போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை அவள் பிறகுதான் சொன்னாள். மேலதிகாரி அம்மா சிரித்துவிட்டு, “வாஹ், கிளியர் பெத்துல் லைன் யூ ஹரி இனி!” என்றாராம். இன்றைக்கு உன் லைன் எவ்வளவு தெளிவு என்று மலாயில் பாராட்டு! கூட்டம் முடிகிற வரை ஒரு தடவைகூட லைன் அறுந்துபோகவில்லை. ‘அங்கேயே இருந்து வேலையைப் பார்’ என்று சொல்லிவிட்டார்.

யாழினி வெளியே வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. “சாரி மாமா” என்றாள். இவர் பெட்டியையே முறைத்தார். சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்ததே! அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். டிஷ்யூ எடுத்து ஒரு துடை துடைத்தாள்.

வெள்ளை!

இவர் ஈர விரலால் இட்ட குங்குமம் அந்தக் கடுகு விளக்கின் மேலேயே பரவியிருக்கிறது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அணைந்திருந்த விளக்கு எங்கே இருக்கிறதென்று யார் கண்டது? பொட்டு என்றால் நெற்றி நடுவில்தானே வைப்போம்? பெட்டி செய்தவன் விளக்கையும் கொண்டு போய் அங்கேயே வைத்திருக்கிறான்.

“அப்போ பொட்டு வைக்கவே கூடாதாமா?” என்று கேட்டார். பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

“வைங்க மாமா. கொஞ்சம் ஓரமா வைங்க” என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி இவள் எங்கேயும் போக மாட்டாள். மாரியம்மனுக்குக் கோடிக் கும்பிடு.

அன்று ராத்திரி சாப்பிடும்போது யாழினி என்னைப் பார்த்தாள்.

“அத்தை, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா. இது உன் வீடு.”

“உங்க மீன் கறியில புளி ரொம்ப அதிகம் அத்தை. நான் வந்த நாள்லேர்ந்து.”

என் கணவர் தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

இருக்க வை தாயே என்று வேண்டிக்கொண்டவள் நானாயிற்றே... யாரிடம் போய் முறையிடுவது?