வாய் அசையாத கதாநாயகி

போன சனிக்கிழமை ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். மறுநாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு கொண்டுவரும் பெண்களுக்கு, சனிக்கிழமை மத்தியானமே சமுதாயக் கூடத்தில் ஒரு பழைய மௌனப்படம். விளக்கம் சொல்ல ஆள்? நான்தான்! கல்யாண வீட்டில்கூட என் கண்ணில் படாமல் மைக்கை ஒளித்துவைக்க வேண்டிய ஆசாமி...

ஜன்னல்களில் புடவை கட்டி இருட்டாக்கினார்கள். காதலனோடு ஊரைவிட்டுப் போன பெண், அவன் கைவிட்டதும் திரும்பி வருகிறாள். ஊர் கதவைச் சாத்துகிறது — இதுதான் கதை. சும்மா இருப்பேனா? அவள் குரலில் அழுதேன். “நான் பாவி! என்னை மன்னியுங்கள்!” மூக்கைக்கூட உறிஞ்சினேன்.

“சார், நிறுத்துங்க!”

பின்வரிசையில், மடியில் மாவுச் சட்டியோடு ஒரு பெண்.

புரொஜெக்டர் ஓட்டிய நண்பர் என் காதைக் கடித்தார். பெயர் செல்வி. இவளும் ஒருவனை நம்பிப் போய்த் திரும்பி வந்தவள். எல்லார் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் இவள் மாவு பொதுப் பானையில் சேரும் என்று மகளிர் குழுத் தலைவி அஞ்சலை சொல்லிவிட்டாராம். இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

“அந்தம்மா வாயே அசையல. நீங்க இன்னாத்துக்கு சார் மன்னிப்பு கேட்டுகினு இருக்கீங்க?” என்றாள் செல்வி.

திரையைப் பார்த்தேன். நிஜம்தான். உதட்டை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அடுத்தவர் வாயில் நம் வசனத்தைத் திணிப்பது எவ்வளவு சுலபம்! அதுவும் ‘கெட்டுப்போனவள்’ என்றால், மன்னிப்பைத் தவிர வேறு வசனமே நமக்குத் தோன்றுவதில்லை.

“பின்ன இன்னாடி சொல்லுது அது?” — அஞ்சலை.

செல்வி எழுந்தாள். “நம்பிப் போனேன், ஏமாந்துட்டேன். ஒழைச்சி சாப்புட வந்திருக்கேன், கதவத் தொறங்கன்னுது.”

“அது சொல்லுதா, நீ சொல்றியா?”

“ரெண்டு பேரும்தாங்க்கா. மாவ வாங்கற வரிக்கும் இங்கியேதான் உக்காந்துகினு இருப்பேன். விழ மாட்டேன்.”

கூடத்தின் நடுவிலிருந்து ஒரு குரல்: “இவள இட்டுகினு ஓடனவன் சித்திரையில வந்து தேர் வடம் புடிச்சானே... அவன யாருக்கா விழச் சொன்னது?”

கூடமே சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. செல்வியை முறைத்தார். பிறகு கையை நீட்டினார்.

“குடு அந்தச் சட்டிய.”

அப்படியே என் பக்கம் திரும்பினார். “சார், மைக்க அவகிட்ட குடுத்துட்டு உக்காருங்க. மீதிய அவ சொல்லட்டும்.”

முப்பது வருஷமாக மௌனப்படங்களைப் பற்றிப் பேசுகிறேன். வாயை மூடிக்கொண்டு ஒன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான்!