கவர்னர் அப்பா

யார் கேட்டாலும் மறுக்கத் தெரியாத குணம்தான் அப்பாவை எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கவர்னராக்கியது. லண்டன் டூட்டிங்கில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்ன ஆரம்பப் பள்ளி அது. அதன் நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கான இடம் ஒன்று காலியாக இருந்தது; அந்தக் குழு உறுப்பினரை அங்கே கவர்னர் என்பார்கள். தலைமை ஆசிரியை வாசலில் வைத்துக் கேட்டார், அப்பா தலையாட்டினார். வேறு ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கவர்னராகிவிட்டார்.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கவர்னர் துரை, குப்பை வாளியை ஆர் வெளியில வைக்கிறது?” என்று தினமும் கேட்பார்.

அப்பாவோ அதைக் கோயில் திருவிழாக் குழு மாதிரி நினைத்துவிட்டார். முதல் கூட்டத்துக்கு நேரத்தோடு போய்க் கதிரைகளை ஒழுங்குபடுத்தினார். அம்மா பொரித்துக் கொடுத்த ரோல்ஸை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். தலைவர் எழுந்து வந்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் மேசையருகே உட்கார வைத்தாராம்.

வினை அடுத்த கூட்டத்தில் வந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளியை மூடிப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்க்கலாம் என்றது உள்ளூர் கவுன்சில். நிர்வாகக் குழு அதற்குச் சம்மதமா என்று வாக்கெடுப்பு. உள்துறை அலுவலகமான ஹோம் ஒபிஸில் எங்கள் அகதி வழக்கோ இன்னும் முடிந்தபாடில்லை.

“இஞ்சேருங்கோ, கவுன்சிலும் ஹோம் ஒபிஸும் வேற வேற ஆக்களோ? எல்லாம் ஒரே அரசாங்கம்தானே. பேசாமல் அவங்கள் சொல்லுறதுக்குக் கையை உயர்த்திப்போட்டு வாங்கோ,” என்றாள் அம்மா.

“ஓம், பாப்பம்,” என்றார் அப்பா. அந்தப் ‘பாப்பம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தன்று மாலை அம்மாவுக்கு வேலை இருந்ததால் அப்பா என்னையும் கூட்டிப்போனார். பள்ளி நூலகத்தின் மூலையில் ஒரு படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலில் இருந்து சாம்பல் நிறக் கோட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவர்தான் ஹோம் ஒபிஸ் என்று முடிவு செய்துவிட்டேன். அவர் எங்கள் ரோல்ஸை இரண்டாவது முறை எடுத்தபோது கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

சம்மதிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார் தலைவர். அப்பாவின் கை மேசைக்கு அடியில் இருந்தது. உயர்த்துங்கோ அப்பா, உயர்த்துங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது அசையவில்லை. எதிர்ப்பவர்கள் என்றதும், மெல்ல மேலே எழுந்தது. கோட்டுக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், எங்களைப் பிளேனில் ஏற்றிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைவர் எண்ணி முடித்து நன்றி சொன்னார். மற்றவர்கள் கையை இறக்கினார்கள். அப்பாவின் கை மட்டும் மேலேயே நின்றது. தலைவர் இன்னொரு தரம் நன்றி சொன்னார். யாரோ மெல்லச் சிரித்தார்கள். எனக்குப் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

பஸ் தரிப்பில் நின்றபோது சொன்னேன்: “அப்பா, தேங்க் யூ எண்டால் கையை இறக்க வேணும்.”

“தெரியும் தம்பி. என்ரையை எண்ணிப்போட்டினமோ எண்டு பாத்தனான்.”

அதற்குப் பிறகு கதவில் கடிதம் விழும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் உறையைப் புரட்டிப் பார்ப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. கவுன்சில் எப்படியும் பள்ளியை மூடிவிட்டது. வீணாக ஒரு கையை உயர்த்தி எங்களையெல்லாம் நடுங்க வைத்தாரே என்று அப்பாமேல் வெகுநாள் கோபமாக இருந்தேன். ஊரில் அவர் வாக்களிக்கப் போனபோதெல்லாம், அவர் பெயரில் யாரோ முன்னமே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.