செக் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டை விழும் சத்தம் கேட்டால் இன்றும் என் பல் இறுகிவிடும். பக்கத்து வீட்டில் புளி தட்டுகிறார்கள். ணங், ணங், பிறகு சடசடவென்று ஒரு கொட்டல். அவர்களுக்கு அது வருஷத்துக்கான குழம்பு. எனக்கு அது ஒரு மனிதரின் முகம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. அந்த முகம் எங்கள் சீனியருடையது. என் அப்பா இறந்ததைப் பற்றி நான் எழுதிய கவிதை ஒரு சிறுபத்திரிகையில் வந்திருந்தது. டீ வேளையில் அவர் அதைப் பிடுங்கினார். நடுவில் ஏதோ ஒரு வரியில் ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்டில் லாட்டரிச் சீட்டு விற்கிறவரின் மைக் குரலில் வாசித்தார். "மூக்கில் வைத்த பஞ்சு அசையவில்லையே! இன்றே குலுக்கல், இன்றே ரிசல்ட்!" அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் தொண்டையில் அப்படியே நிற்கிறது.

அடித்திருக்கலாம். அடித்தால் அன்றோடு முடிந்துபோகும். எனக்கு முடியக் கூடாது.

செங்கம் சாலையில் நான் குடியிருந்த வீட்டின் மாடி அறையில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்தார். காலையில் தியானம், மத்தியானம் சீட்டு. என் வயதுதான். அவரோடு ஆடி ஆடித்தான் போக்கர் பழகினேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. காசுக்குப் பதில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டை. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு கொட்டை கட்டலாம், மாற்றிய பிறகு இரண்டு. அதற்குமேல் ஒரே மூச்சில் கட்ட முடியாது. கட்டியவனுக்குச் சமமாகப் போட்டால் கால், அதற்கு மேலும் வைத்தால் ஏற்றுவது. எதுவும் கட்டாமல் முறையை எதிராளிக்கு விட்டால் செக். கையில் இருப்பதையெல்லாம் குவித்து யாரையும் மிரட்ட முடியாத ஆட்டம் அது. சொட்டுச் சொட்டாகத்தான் வாங்க வேண்டும். எனக்கு அது பிடித்துப்போனது.

சீனியர் மூணு சீட்டுப் பைத்தியம். கேள்விப்பட்டதும் தானாகவே மாடியேறி வந்தார். மூணு சீட்டில் செக் கிடையாது. முறை வந்தால் கட்ட வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட வேண்டும். அதனால் கட்டாதவன் பயந்தவன் என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன கணக்கு. நான் செக் சொன்ன மறு நொடி, தன் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கட்டுவார்.

"இன்னாய்யா கவிஞரே, கையில வெறும் காத்தா?"

"ஆமாங்க சார்" என்று சீட்டைப் போட்டுவிடுவேன்.

ஞாயிறு தவறாமல் அப்படியே செய்தேன். மட்டமான சீட்டு வந்தால் செக், அவர் கட்டியதும் தூக்கிப் போடுதல். கொஞ்சம் நல்ல சீட்டு வந்தாலும் சில சமயம் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவர் சிரிப்பு கொஞ்சம் கூடியது. மாடிக்காரர் ஒரு நாள் தன் ஆங்கிலத்தில் சொன்னார், நீ சீட்டைப் பார்ப்பதில்லை, அவர் மூஞ்சியைத்தான் பார்க்கிறாய் என்று. இல்லை என்று நான் சொல்லவில்லை.

கடைசியில் பந்தயம் பேசியதும் சீனியர்தான்.

"சும்மா கொட்டைய வெச்சி எத்தினி நாளுக்குய்யா ஆடறது? தட்டு காலியானா நீ எழுதறத உட்டுடணும். பத்திரிகைக்கு ஒரு வரி போகக் கூடாது. சரியா?"

"சரிங்க சார். உங்க தட்டு காலியானா?"

"ஆனா பாத்துக்கலாம்."

"ஆபீஸ்ல அதே எடத்துல நின்னு என் கவிதைய படிக்கணும். மைக் குரல் இல்லாம. உங்க சொந்தக் குரல்ல."

மாடிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். "படிச்சா போச்சு."

அது பௌர்ணமி ஞாயிறு. கீழே மலை சுற்ற வந்தவர்களின் கால்கள் வெயிலிலேயே நகரத் தொடங்கியிருந்தன. மாடிக்காரர் சீட்டுப் போட்டார். எனக்கு இரண்டு ராஜா. ஆளுக்கொரு கொட்டை கட்டினோம். மூன்று சீட்டு மாற்றினேன். இன்னொரு ராஜா வந்தான். சீனியர் ஒரே ஒரு சீட்டு மாற்றினார். அவர் தட்டில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

முதல் முறை என்னுடையது. அவர் மாற்றிய சீட்டு சரியில்லை என்றால், நான் கட்டியதும் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வார். தப்பிக்கக் கூடாது. காதில் லாட்டரி மைக் கேட்டது. விரல் கட்டத் துடித்தது. விரலை மடக்கினேன்.

"செக்."

"பாத்தியா! மறுபடியும் காத்து!" இரண்டு கொட்டையை விட்டெறிந்தார். நடுவில் இருந்த தட்டில் ணங்கென்றது.

அந்த இரண்டையும் கொடுத்து, மேலே இரண்டு வைத்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். முதன்முறையாகச் சீட்டைப் பிரித்து ஒழுங்காகப் பார்த்தார். "செக்குனு சொல்லிட்டு ஏத்தறியா? இது இன்னா ஆட்டம்?"

"இதான் ஆட்டம், சார்."

மாடிக்காரர் தலையசைத்தார், விதி அதுதான் என்று. சீனியரால் சீட்டைப் போட முடியவில்லை. இத்தனை ஞாயிறுகளாகப் பயந்தவன் முன்னால் எப்படிப் போடுவார்? அவரும் ஏற்றினார். நானும் ஏற்றினேன். தட்டில் மிச்சமிருந்ததை வழித்து வைத்தார். தட்டு சத்தமில்லாமல் போனது.

அவரிடம் இரண்டு ஜோடி, பெரிய ஜோடி ஏஸ். ஒரே மாதிரி மூன்று சீட்டு இருந்தால் எந்த இரண்டு ஜோடியையும் வெல்லும். நான் ராஜாக்களை ஒவ்வொருவராக வைத்தேன். மெதுவாக. மூன்றாமவனை வைப்பதற்கு முன் கொஞ்சம் தாமதித்தேன். இத்தனை வருஷத்தில் எந்த வரியையும் நான் அவ்வளவு ரசித்து எழுதியதில்லை.

படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "நாளைக்கி நான் லீவு போட்டுட்டா இன்னா பண்ணுவ?"

"செவ்வாக்கெழம படிங்க சார். நான் எங்கயும் போகல."

இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பவில்லை. "அது உங்கப்பானு அன்னிக்கி எனக்குத் தெரியாதுய்யா."

"மொத வரியிலயே 'அப்பா'னுதான் இருக்கு சார். இந்த வாட்டி மொதல்லருந்து படிங்க."