பத்தாம் வீட்டுத் தண்ணீர்

பத்து வீடுகள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால், அந்தக் குழாய்க்குள் சேரும் மண் யாருடையது? மரியகுழந்தை இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் போன கோடையில் அவர் செய்ததைப் பார்த்த பிறகு, எனக்கு அவரை நினைத்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

அவரை நல்லவர் என்று உடனே சொல்லிவிட மனம் வருவதில்லை. கேரம் ஆட்டத்தில் கை கோட்டைத் தாண்டும். கோயிலில் சுருதி சேராது என்று தெரிந்தும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுவார். என் குடை ஒன்று மூன்று மழைக்காலமாக அவர் வீட்டில் இருக்கிறது. கனரக இயந்திரத் தொழிற்சாலையில், மண் அள்ளும் வண்டிகளின் எண்ணெய்க் குழாய்களைப் பூட்டுவதற்கு முன் கழுவுவது அவர் வேலை. கழுவி வரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்க வேண்டும். துணியில் ஒரு பொட்டு தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இருபத்தெட்டு வருஷமாக இதைச் செய்கிறவர், ஓட்டலுக்குப் போனால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கூடப் போன நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நந்திதுர்க் போகும் சாலையில் லேசான சரிவில் இருக்கிறது எங்கள் வரிசை. மேட்டில் போர் தண்ணீர் ஏறும் தொட்டி. அதிலிருந்து கிளம்பும் பழைய இரும்புக் குழாய் ஒவ்வொரு வாசலாக இறங்கி, பத்தாம் வீட்டைத் தாண்டி ஒரு மூடியில் முடிகிறது. புதன், ஞாயிறு இரண்டு நாளும் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிற வாசு வந்து திறந்துவிடுவார். மரியகுழந்தை பதினாறு வருஷமாக இரண்டாம் வீட்டில் இருந்தார். அங்கே தண்ணீர் சீறிக்கொண்டு வரும்.

பத்தாம் வீட்டில் கிருஷ்ணம்மா இருந்தார். பூதிகோட்டைக்காரர், தனி ஆள். நர்சுகளின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. போன கோடையில் அவர் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வர ஆரம்பித்தது. மூன்று கோட்டில் துருக்கறை. இன்னொரு தடவை கறை பட்டால் துணியை மிஷின் லாண்டரிக்குக் கொடுத்துவிடுவோம் என்று நர்சுகள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பத்து வீட்டுக்கும் சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். குழாய் மாற்றும் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுவார். குழாய் வாயில் துணி கட்டச் சொன்னார் ஐந்தாம் வீட்டு செல்வமணி. கிருஷ்ணம்மா கட்டினார். பத்து நிமிஷத்தில் துணி அடைத்துக்கொண்டு தண்ணீரே நின்றுபோனது. அப்போதுதான் மரியகுழந்தை வந்து, ஒரு கை தண்ணீரை ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“தண்ணி தூங்கிக்கினு வருது. அதான் மண்ணு குந்திக்குது. ஒரு தபா வேகமா அடிச்சா கெளம்பிடும்.”

மற்ற வீடுகளெல்லாம் குழாயை மூட வேண்டும். கடைசி மூடியைக் கழற்றிவிட வேண்டும். தொட்டியின் முழு வேகமும் அந்த ஒரு வாய் வழியாகப் போக வேண்டும். பதினைந்து நிமிஷம் போதும் என்றார். ஒரு மணி நேரத் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் என்பது சின்ன விஷயமில்லை. எட்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னார். இரண்டு வீட்டில் கெஞ்சவும் செய்தார்.

ஞாயிறு காலை. மூடி துருவேறி இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, பைப் ரெஞ்ச் போட்டு அசைத்துக் கழற்றினார். வாசு தொட்டியைத் திறந்ததும் முதலில் காற்று செருமியது. பிறகு கறுப்பாய்க் கொட்டியது. மரியகுழந்தை மரச்சுத்தியால் குழாயைத் தட்டிக்கொண்டே வந்தார். துரு பொருக்குப் பொருக்காக வந்து விழுந்தது. திடீரென்று வேகம் பாதியாகக் குறைந்தது.

மரியகுழந்தை நிமிர்ந்தார். எவனோ தண்ணீர் பிடிக்கிறான் என்று தெருவில் நின்று கத்தினார். பதினைந்து நிமிஷம் பொறுக்காத ஜென்மம் எது என்றார். சொல்லக்கூடாத வேறு சிலவும் சொன்னார். பிறகு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். எந்தப் பம்பில் கோளாறு என்று தொழிற்சாலையில் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். ஒன்பதாம் வீட்டிலிருந்து வாசல் வாசலாக மேலே ஏறினார். செல்வமணி வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் காது வைத்துக் கேட்டார்.

“இன்னாண்ணே, எங்க வூட்ல பாட்டு கீட்டு வருதா?” என்றார் செல்வமணி.

மரியகுழந்தை மேலே ஏறினார். இரண்டாம் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். அது அவர் வீடு. உள்ளே வாஷிங் மிஷின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி டீனா வெளியே வந்தார். “மிஷினுக்கு வேணும்னா அதுவா புடிச்சிக்கும். ஊரெல்லாம் போய்ச் சொன்னீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“திருடன புடிச்சாச்சாண்ணே? போலீஸுக்கு போன் போடவா?” என்றார் செல்வமணி. தெருவே சிரித்தது. மரியகுழந்தை உள்ளே போனார். மிஷின் குழாயை மூடிவிட்டு இறங்கி வந்து, வாசுவிடம் இன்னும் பத்து நிமிஷம் கேட்டு வாங்கினார். கைக்குட்டையை மடித்துக் குழாய் வாயில் பிடித்துப் பார்த்தார். கறை. அலசிப் பிழிந்து மறுபடி பிடித்தார். மூன்றாம் தடவை வெள்ளையாகவே இருந்தது. மூடி இருந்த இடத்தில் ஒரு வால்வைப் பூட்டினார்.

கிருஷ்ணம்மா ஒரு கோட்டை அலசிக் கொடியில் போட்டார். எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தோம். கோட்டு வெளுத்திருந்தது. ஆனால் மரியகுழந்தை பொய் சொல்லவில்லை. தண்ணீர் வரும் நாளிலெல்லாம் வால்வைத் திறந்துவிட வேண்டும், அப்படியும் முதல் இரண்டு குடம் சிவப்பாகத்தான் வரும், இரும்பு இருக்கிறவரை துரு இருக்கும், ஏமாந்த அன்று ஒரு கோட்டு போய்விடும் என்று கிருஷ்ணம்மாவிடமே சொன்னார்.

“அப்போ எப்பவும் கடேசி வூட்டுக்குத்தானா அண்ணா?” என்று கேட்டார் கிருஷ்ணம்மா.

குறையாகச் சொல்லவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மரியகுழந்தை கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் அவர் பெங்களூர் சொந்தக்காரருக்குப் போன் செய்து வீட்டை மாற்றிக்கொண்டார். கிருஷ்ணம்மா இரண்டாம் வீட்டுக்கு ஏறினார். மரியகுழந்தை பத்தாம் வீட்டுக்கு இறங்கினார். அங்கே ஒரு ஜன்னல் குறைவு, தொழிற்சாலை பஸ்ஸுக்கு நடையும் அதிகம். டீனா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் வாஷிங் மிஷினை நான்கு பேர் தூக்கிவர, டீனா பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார்.

மிஷினுக்குக் கட்டிய அபராதம் என்கிறார் செல்வமணி. தான் பூட்டிய வால்வை இன்னொருவர் கையில் விட அவருக்கு மனசில்லை என்கிறார் வாசு. இரண்டும் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையைக் கேட்கப்போன சாக்கில் நானே கேட்டேன், எதற்காக இந்த வீடு என்று. குடை எடுக்க உள்ளே போனவர் கைக்குட்டையோடு வந்தார். வாசு தொட்டியைத் திறந்திருப்பான் என்று சொல்லிவிட்டு வால்வு பக்கம் போனார்.